மாதம் ஒரு கூட்டம்: ஆலந்தூர் நகராட்சி இருந்த காலம்

நம் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் இளைய குடும்பங்களுக்கு ஆலந்தூர் என்றால் மெட்ரோ ஸ்டேஷன்தான். சொத்து வரி ரசீதில் சென்னை மாநகராட்சி, மண்டலம் 12 என்று இருப்பதைப் பார்த்து, எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2011 வரை நமக்கென்று தனி நகராட்சி இருந்தது. 42 வார்டுகள், 42 கவுன்சிலர்கள், ஒரு தலைவர், ஒரு ஆணையர். மாதா மாதம் மன்றம் கூடும், தீர்மானம் போடும், கலையும். அந்தக் கூட்டங்களில் என்னதான் நடந்தது, அதனால் நமக்கு என்ன கிடைத்தது என்று இந்த இதழில் எழுதும்படி செயற்குழு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவன். ஆகவே கொஞ்சம் கணக்குப் பார்வையோடுதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் இன்றுள்ள முறையில் உள்ளாட்சி வளர வழி செய்தது ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானம் என்பார்கள். சென்னை மாநகராட்சியின் வெள்ளை மாளிகைக்கு அவர் பெயர் வைத்திருப்பது அதனால்தான். அதைத் தொடர்ந்து 1884-ல் சென்னை மாகாணத்துக்கு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. பிறகு 1920-ல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. நூறு வருடத்துக்கு மேல் நம் ஊர்களை ஆண்டது இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டம்தான். 2023 ஏப்ரலில்தான் அதன் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்தப் புதிய சட்டமும் 1998-லேயே இயற்றப்பட்டு, கால் நூற்றாண்டு கிடப்பில் இருந்தது.

அந்தக் காலத்தில் நகராட்சித் தலைவர் பதவி பெரிய கௌரவம். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்தார். குடிநீர்க் குழாய், சாக்கடை, தெரு விளக்கு என்று அலைந்த பிறகுதான் இருவரும் பெரிய அரசியலுக்கு வந்தார்கள்.

கூட்டம் எப்படி நடக்கும்?

நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்கூட்டியே உறுப்பினர்களுக்குக் கூட்டப் பொருள் என்று ஒரு கட்டு தாள் போய்ச் சேரும். ஒவ்வொரு பொருளுக்கும் எண் உண்டு. எண்ணுக்குக் கீழே விவரம். அதற்குக் கீழே அலுவலகக் குறிப்பு. இன்ன வார்டில் இன்ன தெருவில் மழைநீர்க் கால்வாய் இடிந்துள்ளது, பொறியாளர் மதிப்பீடு இவ்வளவு, பொது நிதியிலிருந்து செலவு செய்யலாம், மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது என்பது மாதிரி. கூட்டத்தில் தலைவர் எண்ணைப் படிப்பார். யாராவது எழுந்து பேசுவார்கள். பேசவில்லை என்றால் மன்றம் அனுமதித்தது என்று ஒரு வரி விழும். அடுத்த எண்.

வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடச் சலிப்பான காரியம் கிடையாது. டியூப் லைட் வாங்குவது, கொசு மருந்து வாங்குவது, குடிநீர் லாரிக்கு வாடகை கொடுப்பது, மார்க்கெட் கடைகளுக்குக் குத்தகை ஏலம் விடுவது, சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டுவது, துப்புரவுப் பணியாளர் ஒருவர் இறந்தால் அவர் வாரிசுக்கு வேலை கொடுப்பது. அறுபது, எழுபது பொருள் இருந்தாலும் பத்திரிகையில் வரத்தக்கது ஒன்று இருந்தாலே அதிகம்.

ஆனால் வங்கியில் இருந்தவனுக்கு இந்த முறையின் அருமை தெரியும். எங்கள் கிளையில் தினமும் சாயங்காலம் டே புக் டேலி ஆக வேண்டும். பத்துப் பைசா உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த ஒழுங்கு இருந்ததால்தான் ஜனங்கள் எங்களை நம்பிப் பணம் போட்டார்கள். நகராட்சிக்கும் அதே கதைதான். ஒவ்வொரு செலவும் மன்றத்தின் முன் எண் போட்டு வர வேண்டும், தீர்மானம் இல்லாமல் பணம் வெளியே போகக்கூடாது என்பது விதி. தவறு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தால் எந்தத் தேதியில், எந்தத் தீர்மானத்தில் என்று தேடிப் பிடிக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீர்மானம் போடுவது மன்றம், அதை நிறைவேற்றுவது ஆணையர். ஆணையர் அரசு அனுப்பும் அதிகாரி. மன்றத் தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தோன்றினால் அதை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆக, நகர்மன்றம் என்பது கையைக் கொஞ்சம் கட்டிவிட்ட ராஜ்யம்தான்.

பணம் எங்கிருந்து?

பழைய சொத்து வரிப் புத்தகம் யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு இரண்டு அரையாண்டு. ஒரே வரியாகத் தெரிந்தாலும் அதற்குள் பொது வரி, குடிநீர் மற்றும் வடிகால் வரி, விளக்கு வரி, துப்புரவு வரி, கல்வி வரி என்று பங்குகள் உண்டு. அதற்குமேல் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. அது நகராட்சிக்கு வருவதல்ல. வசூலித்து நூலகத் துறைக்குக் கொடுத்துவிட வேண்டிய பணம்.

நகராட்சிக் கணக்கும் ஒரே கணக்கு அல்ல. பொது நிதி தனி, குடிநீர் வடிகால் நிதி தனி, தொடக்கக் கல்வி நிதி தனி. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் சௌகரியத்துக்குச் செலவு செய்ய முடியாது. 2000-ஐ ஒட்டி நம் மாநில நகராட்சிகள் வரவு செலவு மட்டும் எழுதும் பழைய முறையை விட்டு, கம்பெனிகளைப் போல இரட்டைப் பதிவு முறைக்கு மாறின. இந்தியாவிலேயே இதில் தமிழ்நாடுதான் முன்னோடி. பி.காம். படித்தவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தொழில் வரி, கட்டட உரிமக் கட்டணம், கடை வாடகை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி வரும் பங்கு எல்லாம் சேர்ந்தாலும், சம்பளம், ஓய்வூதியம், மின்சாரக் கட்டணம் போனபின் கையில் நிற்பது சொற்பம். புறநகர் நகராட்சிகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். வீடுகள் பெருகும் வேகத்துக்கு வருமானம் பெருகாது.

மன்றம் இல்லாத வருடங்கள்

1986-ல் நகராட்சித் தேர்தல் நடந்தது. 1991-ல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 1996 அக்டோபரில். நடுவில் ஐந்து வருடம் தனி அலுவலர் ஆட்சி. தனி அலுவலர் காலத்திலும் தீர்மானப் புத்தகம் இருக்கும். மன்றம் செய்ய வேண்டியதை அவரே செய்து, அவரே கையெழுத்துப் போடுவார். தெரு விளக்கும் எரியும், குப்பையும் போகும். குறுக்கே எழுந்து, "எங்கள் வார்டுக்கு ஏன் இல்லை?" என்று கேட்க ஆள் இருக்காது. அதுதான் வித்தியாசம்.

1993-ல் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், பட்டியல் இனத்தவருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் என்று விதித்தது. அதன்படி வந்ததுதான் 1996 தேர்தல். தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆலந்தூருக்குத் தலைவரானவர் ஆர்.எஸ்.பாரதி. அவருடைய கட்சி எதுவென்று எல்லோருக்கும் தெரியும். நம் இதழில் கட்சி பேசுவதில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

பாதாளச் சாக்கடை

அப்போது ஆலந்தூர், ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் எல்லாம் எப்படி இருந்தன என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்காரரைக் கூப்பிட வேண்டும். குளிக்கிற தண்ணீரும் சமையல் கட்டுத் தண்ணீரும் தெருவோரக் கால்வாயில் தேங்கி நிற்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தாவிட்டால் கொசு நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கிணறும் செப்டிக் டேங்கும் ஒரே மனையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கிணற்றுத் தண்ணீர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2001 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,46,000. இத்தனை பேருக்கும் சாக்கடைக் குழாய் கிடையாது.

நகர்மன்றம் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை எடுத்துக்கொண்டது. மதிப்பீடு சுமார் 34 கோடி ரூபாய். சுமார் 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய், கழிவுநீர் இறைக்கும் நிலையம், பெருங்குடியில் சுத்திகரிப்பு நிலையம். நகராட்சியின் கஜானாவில் அதற்குப் பணம் இல்லை. மாநில அரசு முழுவதும் கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. அப்போதுதான் மன்றம் ஒரு முடிவுக்கு வந்தது. திட்டத்தில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களே முன்பணமாகத் தர வேண்டும். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாய். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடனும் மானியமும்.

இந்தியாவில் ஒரு நகராட்சி, குழாய் பதிக்கும் முன்பே ஜனங்களிடம் பணம் வாங்கிச் சாக்கடைத் திட்டம் போட்டது இதுதான் முதல் தடவை என்று நகர நிர்வாகப் பாடங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 23,000 வீடுகள் தலைக்கு 5,000 கொடுத்தால் பதினொன்றரைக் கோடி. திட்டச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. இது வரியல்ல, சட்டப்படி பிடுங்க முடியாத பணம். மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. அதுவும் 1990-களின் கடைசியில் 5,000 ரூபாய் என்பது சாமானியமான தொகை இல்லை. அன்று ஃபிக்சட் டெபாசிட்டுக்கு வங்கிகள் பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தன. வைப்புத்தொகை என்று பெயர் வைத்தாலும் இது வட்டி வரும் பணம் அல்ல. கவுன்ட்டருக்கு வந்த வாடிக்கையாளர்கள் என்னிடமே கேட்டிருக்கிறார்கள்: "சார், முனிசிபாலிட்டிக்கு அஞ்சாயிரம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா? குழாய் வருமா, இல்ல பணம் போச்சுன்னு நினைச்சுக்கணுமா?" வங்கி ஊழியன் அதற்குப் பதில் சொல்லக்கூடாது. டெபாசிட்டை முடித்துப் பணத்தை எண்ணிக் கொடுப்பேன். அவர்கள் போய்க் கட்டினார்கள்.

ஏன் கட்டினார்கள் என்று பின்னாளில் பல தடவை யோசித்திருக்கிறேன். தலைவரும் அதிகாரிகளும் கூட்டம் போட்டு விளக்கினார்கள் என்பது ஒரு காரணம். நம்முடையது போன்ற குடியிருப்போர் நலச்சங்கங்கள் தெருத்தெருவாகப் போய்ப் பேசியது இன்னொரு காரணம். ஆனால் இவை இரண்டுக்கும் அடியில் ஒன்று இருந்தது என்பது என் எண்ணம். வார்டு கவுன்சிலரை எல்லோருக்கும் முகம் தெரியும். தெரு விளக்கு எரியாதபோது அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறோம். அவர் மன்றத்தில் பேசி விளக்கு எரிந்திருக்கிறது, அல்லது எரியாமல் இருந்து நாம் திட்டியிருக்கிறோம். பணம் போச்சு என்றால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரிந்திருந்தது. மாதா மாதம் டியூப் லைட்டுக்கும் கால்வாய்க்கும் தீர்மானம் போட்ட அந்தச் சலிப்பான கூட்டங்கள் சேர்த்து வைத்த நம்பிக்கைதான் 5,000 ரூபாயாக வந்தது.

எல்லோரும் உடனே கட்டிவிடவில்லை. பார்த்துவிட்டுக் கட்டலாம் என்று ஒதுங்கியவர்கள் உண்டு. அரசாங்கம் செய்ய வேண்டியதற்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழைக் குடும்பங்களுக்கு அந்தத் தொகை உண்மையிலேயே சுமை. எதிர்க்கட்சி கவுன்சிலர்கள் கேள்வி கேட்பதும் மன்றத்தின் வேலையில் ஒரு பாதிதான். கேள்வி கேட்கப்பட்ட திட்டத்துக்குத்தான் கணக்கு சரியாக இருக்கும்.

2000-ல் வேலை தொடங்கியது. அதன்பின் நாம் பட்ட பாடும் நினைவிருக்கும். தோண்டாத தெரு கிடையாது. ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பலகை மேல் நடந்து வீட்டுக்குப் போனோம். மழை வந்தால் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாது. மன்றக் கூட்டங்களில் அந்தக் காலத்தில் அதிகம் பேசப்பட்ட விஷயம் ரோட்டை எப்போது மூடுவீர்கள் என்பதாகத்தான் இருந்திருக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டும் முறையும் புதிது. ஒப்பந்த நிறுவனம் தன் பணத்தில் கட்டி, குறிப்பிட்ட வருடங்கள் தானே நடத்தி, பிறகு ஒப்படைக்க வேண்டும். சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்ப நகராட்சி கட்டணம் கொடுக்கும். மொத்தத் திட்டம் நாளொன்றுக்கு 2.4 கோடி லிட்டர். முதலில் அதில் பாதி, 1.2 கோடி லிட்டர். 2003-ஐ ஒட்டி வீட்டு இணைப்புகள் தொடங்கின. செப்டிக் டேங்கை மூடி மண் போட்டோம். பலருக்கு அந்த இடத்தில் இன்று கார் நிற்கிறது.

சேர்ந்ததில் வந்ததும் போனதும்

2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர் போன்ற நகராட்சிகளோடு ஆலந்தூரும் உள்ளே போனது. வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. குடிநீரும் சாக்கடையும் சென்னைக் குடிநீர் வாரியத்திடம் போயின. நாம் 5,000 ரூபாய் கொடுத்துப் பதித்த குழாயும் அதில் அடக்கம்.

வந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரிய அமைப்பின் பணபலம், இயந்திரங்கள், நிபுணர்கள் கிடைத்தார்கள். ஊர் எல்லையில் நின்றுபோகும் மழைநீர்க் கால்வாயை அடுத்த ஊரோடு சேர்த்துத் திட்டமிட வழி வந்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல.

போனது என்ன என்பதற்கும் ஒரு கணக்கு. 2011-ல் ஆலந்தூர் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1,64,000. அதை 42 கவுன்சிலர்களுக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சுமார் 3,900 பேர். விரிந்த மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். 200-ஆல் வகுத்தால் ஒரு கவுன்சிலருக்கு 33,000 பேருக்கு மேல். எட்டு மடங்கு. இன்றைய கவுன்சிலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நம் எல்லோர் முகமும் அவருக்குத் தெரிய வழியில்லை. அது அவர் குற்றமும் அல்ல.

இதற்கு நடுவில் இன்னொரு இடைவெளியும் வந்தது. 2016-ல் பதவிக்காலம் முடிந்தபின் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாக மறுபடி தனி அலுவலர். அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த பிறகும் இப்படி நடந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

பழைய நகராட்சி திரும்ப வரப்போவதில்லை. அது வேண்டும் என்று கேட்பதும் என் நோக்கமல்ல. 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு வார்டையும் சிறு பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேச ஏற்பாடு. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்களும் நடந்தன. 33,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொலைந்துபோன நெருக்கத்தைக் கொஞ்சமாவது மீட்க இன்று சட்டத்தில் உள்ள வழி இதுதான்.

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். பகுதி சபைக் கூட்டத்தின் தேதியை விசாரித்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட ஒருவரை நியமிப்போம். போகிறவர்கள் குறையை வாயால் சொல்லிவிட்டு வராமல், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வரட்டும். அடுத்த கூட்டத்தில் போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்பதை முதல் பொருளாக வைப்போம். பழைய மன்றத்தில் சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் படித்து உறுதி செய்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார்கள். அந்த வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டிய 5,000 ரூபாயின் ரசீது இன்னும் யாராவது வைத்திருந்தால் ஒரு போட்டோ எடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போடலாம். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்க்கு நாம்தான் முன்பணம் கொடுத்தோம் என்று நம் பேரப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

(கட்டுரையாளர் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நம் சங்க உறுப்பினர்)